கிணறு வெட்டும்போது கிடைத்த சோழர் தங்கக் காசு 6,500 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, 2024 மார்ச் 8

"அண்ணா, பழங்காசு சேர்க்க ஆசை. வீட்டில் கிடந்த ஓட்டைக் காலணாவும் ஜார்ஜ் மன்னர் காசும் தவிர இப்போது கையில் ஒன்றும் இல்லை. ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர் ராஜராஜன் தங்கக் காசு 6,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கிணறு வெட்டும்போது கிடைத்ததாம், எடை நான்கு கிராமாம். கூடவே ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றும் இலவசமாம். படத்தில் எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. மாதம் 1,500 ரூபாய் வரை ஒதுக்க முடியும், இதற்கு மட்டும் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். வாங்கலாமா?"

மார்ச் 9

வாங்காதீர்கள் தம்பி. முன்பணமும் அனுப்ப வேண்டாம்.

நான்கு கிராம் தங்கத்தை உருக்கி நகைக்கடையில் போட்டாலே 2024 மார்ச் விலைக்கு இருபதாயிரத்தைத் தாண்டும். ஆயிரம் வருடத்துக் காசு, அதுவும் சோழர் காசு, உலோக விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் வருகிறது என்றால் அது தங்கமே இல்லை. அப்புறம் அந்தக் கிணறு. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்கடியில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் சொல்வது உண்மையென்றால் அரசுக்குச் சொல்லாமல் மறைத்த புதையலை உங்கள் தலையில் கட்டுகிறார். பொய்யென்றால் காசும் பொய். இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு அந்தக் காசு வேண்டாம்.

ரோமானிய வெள்ளிக் காசு கொங்குப் பகுதியில் புதையல் புதையலாகக் கிடைத்திருப்பது உண்மைதான். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அசல் என்றால் ஒன்றே பல ஆயிரம் பெறும், அதை யாரும் கொசுறாகத் தர மாட்டார்கள்.

மாதம் 1,500 தாராளம். சேமிப்பில் கை வைக்கவே தேவையில்லை. முதல் ஒரு வருடம் ராஜராஜனின் செப்புக்காசை மட்டும் வாங்குங்கள். ஏன் என்று இரவு எழுதுகிறேன்.

மார்ச் 9, இரவு

ராஜராஜன் செப்புக்காசு ஏன்? அது ஏராளமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைத்த காசு அது. நல்ல காசே சில நூறு ரூபாய்க்கு வந்துவிடும். தேய்ந்ததென்றால் இன்னும் குறைவு. விலை மலிவு என்பதால் மெனக்கெட்டுப் போலி செய்பவனுக்கு அதில் பெரிய லாபமில்லை. உங்களுக்குக் கிடைப்பதோ பத்தாம், பதினோராம் நூற்றாண்டின் அசல் செம்பு, கையில் எடுத்துத் தடவிப் பார்க்க.

ஒரு காசை வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது. ஒரே வகையில் ஏழெட்டுக் காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பாருங்கள். ஒன்றில் அச்சு நடுவில் விழுந்திருக்கும், ஒன்றில் ஓரமாகச் சரிந்து உருவத்தின் தலையே காணாமல் போயிருக்கும். ஒன்று கறுப்பு, இன்னொன்று பாசிப் பச்சை, மற்றொன்று சாக்லேட் பழுப்பு. ஓரம் ஒன்றில் மெலிந்தும் இன்னொன்றில் பிளந்தும் இருக்கும். இந்த வேறுபாடுகள் எந்த எல்லைக்குள் வரும் என்று கண் பழகிவிட்டால், அதற்கு வெளியே ஒன்று வரும்போது உடனே உறுத்தும். புத்தகத்தில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாங்கப் போகிறவருக்கு அந்த உறுத்தல் வராது. அவர் படத்தைப் போலவே இருப்பதைத்தான் தேடுவார். போலி செய்பவனும் அதே படத்தைப் பார்த்துத்தான் செய்கிறான்.

மார்ச் 11

அந்தக் காசு எப்படி இருக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். என் மேஜையில் இருக்கும் ஒன்றைப் பார்த்தே எழுதுகிறேன். குறுக்களவு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், எடை நான்கு கிராமை ஒட்டி. ஒரு பக்கம் நிற்கும் உருவம், கையில் மலர். வேட்டியின் மடிப்புகள் இரண்டு பக்கமும் வளைந்த கோடுகளாக இறங்குகின்றன. பக்கவாட்டில் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள். மறுபக்கம் அமர்ந்த உருவம். அதன் கைக்குக் கீழே, வலது ஓரத்தில், நாகரி எழுத்தில் (இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம்) ஒன்றன்கீழ் ஒன்றாக ஸ்ரீ, ராஜ, ராஜ. முகம் என்று பார்த்தால் ஒரு குமிழும் சில கோடுகளும்தான். முதலில் பார்ப்பவர்களுக்கு இது என்ன குச்சி பொம்மை என்று தோன்றும், பழகப் பழக அந்தக் கோடுகளின் வேகம் பிடித்துப்போகும்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் காசில் ஏன் தமிழ் எழுத்து இல்லை என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சோழர் காசுகளில் நாகரி எழுத்தும் கிரந்த எழுத்தும்தான் அதிகம் வருகின்றன. கோயில் சுவர் முழுக்கத் தமிழில் வெட்டியவனும் அதே ராஜராஜன்தான். ஊரார் படிக்க வேண்டியது சுவரில் இருந்தது, காசோ கடல் தாண்டியும் செல்ல வேண்டியிருந்தது. காரணம் இதுதான் என்பது என் ஊகம், கல்வெட்டுச் சான்று எதையும் வைத்துச் சொல்லவில்லை.

மார்ச் 12

வாங்க வேண்டிய கருவிகள் இரண்டே இரண்டு. 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு மாத பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். காசுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

மார்ச் 16

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. போலியில் இரண்டு வகை. அசல் காசிலிருந்து அச்சு எடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றுவது ஒன்று. புதிதாக அச்சு வெட்டி அடிப்பது இன்னொன்று.

முதல் வகையைத் தொடக்கக்காரரே பிடித்துவிடலாம். லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் ஊசி முனை அளவில் குழிகள் தெரியும், உருகிய உலோகத்தில் அடைபட்ட காற்று விட்ட தடம் அது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். காசை நெட்டாக நிறுத்தி ஓரத்தைச் சுற்றிப் பார்த்தால், இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். அசல் சோழர் காசு வார்த்ததல்ல, அச்சு வைத்துச் சம்மட்டியால் அடித்தது. அப்படி அடித்த காசில் உலோகம் நெருக்கப்பட்டு வெளியே பிதுங்கும், ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்பு வரும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சம்மட்டி அடி விழுந்ததற்கு அது அடையாளம்.

கைமேல் பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரே வியாபாரியின் தட்டில் இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை. ஒரே அச்சில் அடித்த அசல் காசுகளிலும் உருவம் ஒன்றாக இருக்கும்தான், ஆனால் விளிம்பின் வடிவமும், அச்சு விழுந்த இடமும், பிற்பாடு புழக்கத்தில் பட்ட கீறலும் ஒன்றாக இருக்கவே முடியாது. ஒரு கண்காட்சியில் வரிசையாக வைத்திருந்த குதிரைக் காசுகளில் குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரே நெளிந்த கீறல் காசுக்குக் காசு வந்ததை நான் பார்த்தேன். ஒரே ஒரு காசை மட்டும் கையில் எடுத்திருந்தால் எனக்கும் சந்தேகமே வந்திருக்காது, அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாவது வகை, புது அச்சில் அடித்தது, கஷ்டம். அதற்கு எழுத்தின் நடை தெரிய வேண்டும், எடை வரம்பு தெரிய வேண்டும். அது வரும்வரை விலை உயர்ந்த காசுப் பக்கம் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

மார்ச் 17

நேற்றைய குறிப்புக்கு ஒரு முக்கியமான சேர்க்கை. வார்ப்புத் தடம் இருந்தால் போலி என்பது சோழர் செப்புக்காசுக்குச் சரி. எல்லாக் காசுக்கும் அது பொருந்தாது. மௌரியர் காலத்தை ஒட்டி வடக்கே புழங்கிய எழுத்தில்லாத செப்புக்காசுகள், யானையும் மலையும் வேலியிட்ட மரமும் இருப்பவை, அந்தக் காலத்திலேயே வார்த்தவை. வரிசையாக வார்த்து ஒவ்வொன்றாக ஒடித்ததால் ஓரத்தில் மூக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அசலைப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆகவே எந்த வகையை வாங்குகிறோமோ அது எப்படிச் செய்யப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வகையோடு தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ச் 20

ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு தாத்தா காலத்திலிருந்து பூஜை அறையில் இருக்கிறது, 1818 என்று போட்டிருக்கிறது, எத்தனை லட்சம் போகும் என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு 1616, 1717, 1818 என்றெல்லாம் வருடம் போட்டு வருபவை பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்தவை. பூஜையில் இருப்பது பூஜையிலேயே இருக்கட்டும், தாத்தா வைத்துக் கும்பிட்ட பொருள் என்ற மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு. லட்சம் தருகிறேன் என்று யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் மட்டும் போனை வைத்துவிடுங்கள். பழைய நோட்டு, காசு வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அரிசி இழுக்கும் காசு. இரிடியம் கலந்திருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று சொல்லி நம் ஊர்களில் வீடு நிலத்தை விற்க வைத்திருக்கிறார்கள். எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இழுக்கிறது என்றால் அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருக்கிறார்கள், காசில் காந்தம் இருக்கிறது. இதில் பணத்தை இழந்தவர்கள் வெட்கத்தால் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். கொடுங்கள், உங்களுக்குப் பிறகு வருகிறவராவது தப்பிப்பார்.

மார்ச் 24

கேள்வி கேட்ட தம்பி முதல் காசை வாங்கிவிட்டாராம், பச்சையாக இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்கிறார்.

கூடவே கூடாது! புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி, எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் செம்பு என்றால் பளபளக்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. காசில் அந்தப் பாசிதான் தோல். நூற்றாண்டுகளாக மண்ணிலோ ஆற்றிலோ கிடந்து உருவான படலம் அது. அதை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்பில் குழிவிழுந்த செம்பு வரும், எழுத்தின் விளிம்பும் போய்விடும், விலையும் பாதிக்கு மேல் விழும். போலிக்குப் பச்சை நிறம் ஏற்றியிருந்தால் அது தனியாகத் தெரியும், பருத்தித் துணியை நனைத்துத் துடைத்தால் துணியில் வரும் அல்லது பெயின்ட் மாதிரி உரியும்.

ஒரே ஒரு பச்சைக்கு மட்டும் பயப்பட வேண்டும். இறுகிய, கரும்பச்சைப் படலம் நல்லது. வெளிர்ப்பச்சையில் மாவு மாதிரி, நகத்தால் தொட்டால் உதிர்கிற புள்ளிகள் என்றால் அது செம்புக்கு வரும் நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்து தின்னும். அந்தக் காசை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, நீரை மாற்றிக்கொண்டே வாரக்கணக்கில் ஊறவிடுங்கள், அப்புறம் நன்றாக உலர்த்துங்கள். காசை வைக்கும் உறை மெத்து மெத்தென்ற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டாம், நாளாவட்டத்தில் அது பிசுபிசுத்துச் செம்பைக் கெடுக்கும். காகித உறை போதும்.

மார்ச் 30

வெள்ளிக் காசுக்குத் தண்ணீர்ச் சோதனை. முத்திரை குத்திய வெள்ளிக் காசு ஒன்றை இன்று காலை வைத்துச் செய்தேன், அப்படியே தருகிறேன். காசின் எடை 3.30 கிராம். தராசில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். தராசு 0.33 காட்டியது. 3.30-ஐ 0.33-ஆல் வகுத்தால் 10, அதாவது தண்ணீரைப் போலப் பத்து மடங்கு கனம். சுத்த வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.9. பழைய வெள்ளிக் காசில் செம்பு கலப்பு இருக்கும் என்பதால் 10 சரியான இடம். வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரில் செய்த போலி என்றால் 0.38-ஐ ஒட்டிக் காட்டும், அதாவது எண் ஒன்பதுக்குக் கீழே போய்விடும்.

மதியம் சேர்த்தது: எடை குறைந்த காசில் இந்தச் சோதனையை முழுக்க நம்ப முடியாது. தராசு 0.01 தவறினாலே விடை பத்துக்குப் பதிலாக 9.7 என்று மாறிவிடும். நூலில் ஒட்டிய காற்றுக் குமிழி ஒன்று போதும். பல தடவை செய்து சராசரி எடுங்கள். இன்னொன்று, இது உலோகத்தை மட்டும்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. அசல் வெள்ளியில் நேற்று அடித்த போலியும் இதில் தேறும்.

ஏப்ரல் 6

யாரிடம் வாங்குவது?

காசை விடக் காசு விற்பவரைப் பார்த்து வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நான் அதை இரண்டு கேள்வியாக வைத்திருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது? போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? இரண்டாவதற்கு ரசீதில் எழுதித் தருபவரிடம் கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது, விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமம் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எங்கள் கரூர்ப் பக்கத்து அமராவதி போன்ற ஆறுகளின் மணலை அரிப்பவர்கள் கையிலும் பிற இடங்களிலும் கிடைத்த காசுகள்தான் தமிழக நாணயவியலையே மாற்றின. யானையும் மீனும் உள்ள பாண்டியர் சதுரக் காசுகள், குதிரை உள்ள மலையமான் காசுகள், மாக்கோதை என்று தமிழ்-பிராமியில் (அந்தக் காலத் தமிழ் எழுத்து) பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசு இவற்றையெல்லாம் சேகரித்து, படித்து, வெளியிட்டு, சங்க காலத் தமிழ் அரசர்கள் காசு அடித்தார்கள் என்று நிலைநாட்டியதில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் உழைப்பு பெரிது. பெருவழுதி என்ற பாண்டியனின் பெயர் பொறித்த காசை அடையாளம் கண்டவரும் அவரே. தனியார் சேகரிப்பாளர் ஒருவர் வரலாற்றுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே சமயம் எனக்குள் உறுத்துவதும் இதுதான். ஆற்றிலிருந்தோ வயலிலிருந்தோ எந்த இடம், எந்த ஆழம், கூடவே என்ன கிடைத்தது என்ற தகவல் இல்லாமல் வரும் ஒவ்வொரு காசும் பாதி வரலாற்றை வழியிலேயே தொலைத்துவிட்டு வருகிறது. நாம் அதிக விலை கொடுக்கக் கொடுக்க யாரோ ஒருவர் ஒரு மேட்டைத் தோண்டப் போவார். ஆகவே புதிதாகத் தோண்டி எடுத்தது என்று சொல்லி வருவதை நான் தொடுவதில்லை. பழைய சேகரிப்பு கைமாறி வருவது, ஏலப் பட்டியலில் ஏற்கெனவே பதிவானது, இவை போதும். சங்ககாலக் காசுக்கு ஆசைப்படுபவர்கள் இரண்டு மூன்று வருடம் பொறுங்கள். அங்கே போலி அதிகம், எழுத்துள்ள காசுக்கு விலையும் அதிகம். எழுத்தில்லாத தேய்ந்த காசில் புதிதாகத் தமிழ்-பிராமி எழுத்தைச் செதுக்கி விற்கும் வேலையையும் பார்த்திருக்கிறேன். செதுக்கிய எழுத்தின் பள்ளத்தில் பாசி இருக்காது, லென்ஸில் செம்பு பளிச்சென்று தெரியும்.

ஏப்ரல் 7

கரூர் ரோமானியச் செப்புக்காசு பொட்டலமாக வருகிறதே என்று கேட்டவருக்கு: தலை தெரிகிறதா, எழுத்தில் ஒன்றிரண்டாவது படிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் தேய்ந்த செம்பு வட்டு, ரோமானியம் என்று அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 14

தம்பி தன் காசுகளின் படமும் எடையும் அனுப்பியிருக்கிறார். எல்லாமே அசலாகத்தான் தோன்றுகின்றன. ஆனால் ஓரம் பிளந்து கறுப்பாக இருப்பதை மறுபடி லென்ஸில் பாருங்கள். முதல் எழுத்து ஸ்ரீ, அடுத்து ராஜ, அதுவரை சரி. அதற்குக் கீழே இன்னொரு ராஜ வர வேண்டிய இடத்தில் லகரமும் மேலே சுழித்த ஈகாரமும் தெரிகின்றன. அது ஸ்ரீ ராஜ லீலாவதி. ராஜராஜனுக்கு இரு நூற்றாண்டு பின்னால் இலங்கையின் பொலன்னறுவையில் ஆண்ட அரசி, முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. 1197-இல் அரியணை ஏறி, இறக்கப்பட்டு, மறுபடி மறுபடி ஏறியவள். அங்கே ஆண்ட சோழர் போன பிறகும் விஜயபாகு, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் என்று அங்கே வந்தவர்கள் எல்லாரும் நிற்கும் உருவம், அமர்ந்த உருவம் என்ற இதே அமைப்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். விற்றவர் வேண்டுமென்றே செய்திருக்க வாய்ப்பு குறைவு, குவியலில் எல்லாம் கலந்துதான் வரும். நீங்கள் திருப்பித் தராதீர்கள். ராஜராஜன் விலைக்கு ஓர் அரசி வந்திருக்கிறாள், தனி உறையில் வைத்து, வாங்கிய நாள், விற்றவர், எடை மூன்றையும் எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 19

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு சோழர் காசு கூரியரில் அனுப்பலாமா என்று அதே தம்பி. முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனி ஆள் நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தடை இருக்கிறது, விலை இருநூறு ரூபாய் என்றாலும் அதே சட்டம்தான். பையில் போட்டு எடுத்துப் போனாலும் விமான நிலையத்தில் சிக்கல். அண்ணன் ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காசு வீட்டிலேயே இருக்கட்டும்.

அண்ணன் வரும்போது இருவருமாக எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவது நல்ல யோசனை. காசுகள் இருக்கும் பகுதியில் அவசரப்படாமல் நில்லுங்கள், உங்கள் லென்ஸையும் எடுத்துப் போங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.